தலைவருக்கு என்ன ஊசி போடுகிறார்கள்?

2016 செப்டம்பர் 22 இரவு ஜெயலலிதா அப்போலோவில் சேர்க்கப்பட்டார். முதல் அறிக்கையில் இரண்டே சங்கதி: காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு. அவர் முதல்வர் மட்டுமல்ல, எங்கள் பகுதி எம்.எல்.ஏ.வும்கூட. காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் இருக்கிற ஆர்.கே. நகர் வாக்காளர்களுக்கு அந்த 75 நாளும் கிடைத்ததெல்லாம் மருத்துவமனை அவ்வப்போது விடுகிற ஒரு தாள்தான். செப்டம்பர் 27 அன்று மருத்துவமனையிலேயே காவிரி விவகாரம் பற்றி ஆலோசனை நடத்தினார் என்று அரசுச் செய்திக்குறிப்பு வந்தது. அக்டோபர் 11இல் அவருடைய இலாகாக்கள் ஓ. பன்னீர்செல்வத்துக்குப் போயின. அதுவும் முதல்வரின் ஆலோசனைப்படிதான் என்றது ஆளுநர் மாளிகை. அந்த மாதக் கடைசியில் இடைத்தேர்தல் வேட்பாளர்களுக்கான கட்சிப் படிவம் வெளியே வந்தது. கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் பெருவிரல் ரேகை. மூச்சுக்குழாயில் துளையிட்டு சிகிச்சை நடந்திருக்கிறது, வலது கை வீங்கியிருக்கிறது, அதனால் தற்காலிகமாகக் கையெழுத்துப் போட முடியவில்லை என்று அதில் ஒரு அரசு மருத்துவர் சான்று எழுதியிருந்தார். அதுவரை வந்த அறிக்கைகள் எல்லாவற்றையும்விட அந்த ஒற்றை வரி தெளிவாக இருந்தது.

பிறகு நடந்ததும் எங்கள் பகுதியில்தான். 2017 டிசம்பர் 21 ஆர்.கே. நகர் இடைத்தேர்தல். அதற்கு முந்தின நாள், மருத்துவமனைப் படுக்கையில் ஜெயலலிதா பழச்சாறு குடிக்கிற வீடியோவை முன்னாள் பெரம்பூர் எம்.எல்.ஏ. வெற்றிவேல் வெளியிட்டார். ஒருவர் உயிரோடு இருந்தபோது வந்திருக்கவேண்டிய தகவல், அவர் போய் ஒரு வருஷம் கழித்து, வாக்குப்பதிவுக்கு ஒரு நாள் முன்னால், தேர்தல் சரக்காக வந்தது.

இப்படிப் பழக்கப்பட்ட ஊர், வெளிநாட்டுச் செய்தியையும் அதே கண்ணால்தான் பார்க்கும். 2025 மே 18 அன்று ஜோ பைடனுக்குப் புராஸ்டேட் புற்றுநோய், எலும்புக்கும் பரவிவிட்டது என்று அவருடைய அலுவலகம் அறிவித்தது. அவர் பதவியைவிட்டு இறங்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. மூலக்கொத்தளம் பக்கம் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: “இன்னா தலைவா இது, எலும்பு வரிக்கும் பூந்துச்சாம். கூடவே டாக்டர வச்சினு சுத்துன ஆளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?” அமெரிக்காவிலும் பாதிப் பேர் அதையேதான் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் பதில் சொல்ல, புராஸ்டேட் என்றால் என்ன, அதற்கு என்ன மருந்து, அந்த மருந்து ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதையெல்லாம் கொஞ்சம் பார்க்க வேண்டும். அரசியல்வாதியின் உடம்பைப் பற்றி நாம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதும் அதிலிருந்துதான் பிடிபடும்.

புராஸ்டேட் ஆண்களுக்கு மட்டும் இருக்கிற சுரப்பி. பெரிய நெல்லிக்காய் அளவில் மூத்திரப்பைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். மூத்திரக் குழாய் அதன் நடுவில் புகுந்து வருவதால், சுரப்பி வீங்கினால் குழாய் நெருக்கப்படும். அறுபது வயதுக்கு மேல் ராத்திரி நாலு தடவை எழுந்து போவது, முக்கி நிற்பது, சொட்டுச் சொட்டாக வருவது எல்லாம் பெரும்பாலும் இந்த வீக்கத்தால்தான். இது புற்றுநோய் இல்லை, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. புற்றுநோய் வேறு கதை. அது பெரும்பாலும் சுரப்பியின் வெளி ஓரத்தில் முளைப்பதால் ஆரம்பத்தில் மூத்திரத்துக்கு எந்தத் தொந்தரவும் தராது. தொந்தரவு தெரிகிற நேரத்தில் சிலருக்கு அது இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் போயிருக்கும். “முதுகு வலி, மூட்டை தூக்கினதால வந்தது” என்று தைலம் தேய்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை ஓ.பி.க்கு வருகிறவர்களில் சிலருக்கு இதுதான் தெரியவருகிறது. துறைமுகத்திலும் மீன்பிடித் துறையிலும் வேலை பார்த்த உடம்புக்கு முதுகு வலி சகஜம் என்பதால் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

இரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவைப் பார்ப்பது முதல் சோதனை. ஒரு மில்லிலிட்டருக்கு 4 நானோகிராமுக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. ஆனால் சாதாரண வீக்கத்திலும் அது ஏறும், கிருமித்தொற்றிலும் ஏறும், மூத்திரத்துக்கு டியூப் போட்டாலும் ஏறும். இன்னொரு வில்லங்கமும் உண்டு. புராஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டெரைடு, டூட்டாஸ்டெரைடு மாத்திரைகளை ஆறு மாதம், ஒரு வருஷம் என்று தொடர்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகக் காட்டும். ரிப்போர்ட்டில் 3 என்று இருந்தால் உண்மையில் 6 என்று கணக்குப் போட வேண்டும். மாத்திரை சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லாவிட்டால் அவர் அந்த 3ஐப் பார்த்துவிட்டு ‘நார்மல்’ என்று அனுப்பிவிடுவார். முடி கொட்டுவதற்காகச் சின்ன அளவில் ஃபினாஸ்டெரைடு சாப்பிடுகிறவர்களும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்படியானால் பைடனுக்கு ஏன் தெரியவில்லை? அவருக்குக் கடைசியாகப் பி.எஸ்.ஏ. பார்த்தது 2014இல் என்று அவருடைய தரப்பு சொன்னது. அப்போது அவருக்கு வயது 71. எழுபதைத் தாண்டியவர்களுக்கு வழக்கமான பி.எஸ்.ஏ. சோதனை வேண்டாம் என்பதுதான் அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழுவின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரை. அந்த வயதில் கண்டுபிடிக்கப்படும் பல கட்டிகள் மெதுவாக வளர்பவை. அதைத் துரத்திப் போய் பயாப்ஸி, ஆபரேஷன் என்று இறங்கினால் நன்மையைவிடத் தொல்லை அதிகம் என்பது காரணம். 55 முதல் 69 வயது வரை டாக்டரோடு பேசி அவரவர் முடிவெடுக்கலாம். ஆக, சாதாரண ஆளாக இருந்தால் பைடனுக்குச் சோதனை பார்க்காததில் தப்பில்லை. ஆனால் அணு ஆயுதப் பொத்தானைக் கையில் வைத்திருந்தவருக்கும், இன்னொரு நான்கு வருஷம் கேட்டு நின்றவருக்கும் அதே அளவுகோல் போதுமா என்பதுதான் அங்கே சண்டை. அவருடைய மருத்துவர் கெவின் ஓ'கானர் 2025 ஜூலையில் நாடாளுமன்றக் குழு முன்னால் பதில் சொல்ல மறுத்து, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லாமல் இருக்கும் அரசியல் சட்ட உரிமையைக் காட்டினார். அதனால் சந்தேகம் குறையவில்லை, கூடியது. என் கணிப்பில், மறைத்தார்கள் என்பதற்கு வெளியே வந்த ஆதாரம் எதுவும் போதாது. தேடவில்லை என்பது மட்டும் உறுதி.

அவருடைய நோயின் கிளீசன் எண் 9. திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கொடுக்கும் மதிப்பெண் அது. 6 என்றால் சாது, 10 என்றால் மூர்க்கம். 6 வாங்கியவர்களில் பலருக்கு மருந்தே வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை கவனித்தால் போதும். பிரிட்டனில் ஆரம்பக் கட்ட நோய் உள்ள 1,643 பேரைக் கண்காணிப்பு, ஆபரேஷன், கதிர்வீச்சு என்று மூன்றாகப் பிரித்து 15 வருஷம் பின்தொடர்ந்தார்கள். எந்தப் பிரிவிலும் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். ‘கேன்சர்’ என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டை விற்கப் பத்திரத்தைத் தேடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பைடனுடையது அந்த வகை இல்லை. ஆனால் ஹார்மோனுக்குக் கட்டுப்படுகிற வகை என்று அறிக்கை சொன்னது. அந்த ஒரு வரியில்தான் சிகிச்சை முழுக்க இருக்கிறது.

இந்தப் புற்றுநோய்க்குத் தீனி ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன். தீனியை நிறுத்தினால் கட்டி சுருங்கும் என்று 1941இல் காட்டியவர் சார்லஸ் ஹக்கின்ஸ். 1966இல் அதற்காக நோபல் பரிசு வாங்கினார். நிறுத்த மிகப் பழைய வழி, விதை இரண்டையும் எடுத்துவிடுவது. சின்ன ஆபரேஷன், ஒரே செலவு, சில மணி நேரத்தில் ஹார்மோன் விழுந்துவிடும். அரசு ஆஸ்பத்திரிகளில் இன்றும் செய்கிறார்கள். மாதாமாதமோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ ஊசிக்கு அலைய முடியாதவருக்கு அது மோசமான யோசனை இல்லை. ஆனாலும் “விதையை எடுக்கணும்” என்றதும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் உண்டு. மனைவியிடம்கூடச் சொல்லமாட்டார்கள்.

மற்ற வழி ஊசி. லூப்ரோலைடு, கோசரலின், டிரிப்டோரலின் போன்றவை மூளையின் அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியை முதலில் உசுப்பிவிட்டு, பிறகு ஓய்த்துப்போடும். அதனால் முதல் ஒன்றிரண்டு வாரம் டெஸ்டோஸ்டிரோன் குறைவதற்குப் பதில் ஏறும். முதுகெலும்பில் கட்டி இருப்பவருக்கு இது ஆபத்தான நேரம். தண்டுவடம் நசுங்கிக் கால் விழுந்துவிடலாம். அதைத் தடுக்கத்தான் ஊசிக்கு முன்னாலிருந்தே பைகாலுட்டமைடு மாத்திரையைச் சில வாரங்களுக்குக் கொடுப்பார்கள். “ஊசி போட்டாச்சே, மாத்திரை எதுக்கு?” என்று அதை விட்டுவிடக் கூடாது. காலில் திடீரென்று மரப்பு, நடை தள்ளாட்டம், மூத்திரமோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லை என்றால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். டீகாரெலிக்ஸ் என்ற இன்னொரு ஊசி உண்டு. அதில் இந்த ஏற்றம் கிடையாது. வயிற்றில் போடுவார்கள், போட்ட இடம் சிவந்து வலிக்கும்.

எலும்புக்குப் போய்விட்ட நோய்க்கு இப்போது ஊசியோடு நிறுத்துவதில்லை. அபிராட்டெரோன், என்சாலுட்டமைடு, அபாலுட்டமைடு, டாரோலுட்டமைடு என்று மாத்திரைகளில் ஒன்றைச் சேர்க்கிறார்கள். சிலருக்கு டோசிடாக்செல் கீமோவும் உண்டு. அபிராட்டெரோனை ஆரம்பத்திலேயே சேர்த்தால் ஆயுள் கூடுகிறது என்று 2017இல் இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. அந்த மாத்திரைக்கு ஒரு விசித்திரம் உண்டு. வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். கொழுப்புச் சாப்பாட்டோடு சாப்பிட்டால் உடம்பில் ஏறும் மருந்தின் அளவு பல மடங்காகும், பத்து மடங்கு வரைக்கும்கூட. எனக்குத் தெரிந்த வியாசர்பாடிக் குடும்பத்தில், மருந்துக்கடையில் வழக்கம்போல மாத்திரைக் கவரின்மேல் பேனாவால் ‘உணவுக்குப் பின்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பெரியவரும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டு நாலு மாத்திரையை ஒன்றாக விழுங்கியிருக்கிறார். கால் வீங்கி, பிரஷர் எகிறி, பொட்டாசியம் இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் கவரைத் திருப்பிப் பார்த்தார்கள். மருந்தின் விலைக்காக, அளவைக் கால் பங்காகக் குறைத்துச் சாப்பாட்டோடு கொடுக்கிற முறையும் நம் நாட்டில் இருக்கிறது. அது டாக்டர் திட்டமிட்டுக் கொடுப்பது. வீட்டில் நாமாகச் செய்கிற வேலை இல்லை. கூடவே தரும் பிரெட்னிசலோன் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும். அதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது.

சரி, ஹார்மோனை நிறுத்தினால் மனிதனுக்கு என்ன ஆகும்? பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் வருகிற அதே அனல். மேல் உடம்பு முழுக்கத் திடீரென்று தகிக்கும், முகம் சிவக்கும், வியர்த்துக் கொட்டும், சில நிமிஷத்தில் அடங்கும். சென்னையில் மே மாதம் அக்னி நட்சத்திரத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம். டிசம்பரில் மின்விசிறிக்கு அடியில் படுத்திருக்கிற கணவரின் பனியன் நனைந்திருப்பதை மனைவிதான் முதலில் கவனிக்கிறார். ஆசை குறையும், ஆண்மை போகும். தசை கரையும், தொப்பை போடும். மார்பு கொஞ்சம் பெருக்கும். எலும்பு நொறுங்கும் தன்மைக்கு வரும். சர்க்கரை, கொழுப்பு, இதய நோய் இவற்றின் வாய்ப்பு கூடும். ஏற்கெனவே சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறவருக்கு, அதாவது எங்கள் பக்கத்து அறுபது வயதுக்காரர்களில் பலருக்கு, மாத்திரைப் பட்டியல் இரட்டிப்பாகும். எலும்பைக் காப்பாற்ற ஸோலெட்ரானிக் ஆசிட் போட்டால், அதற்கு முன்னால் பல் டாக்டரைப் பார்க்க வேண்டும். அந்த ஊசி ஓடும்போது பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

மனசு என்ன ஆகும் என்பதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. சோர்வு என்றால் சாதாரணச் சோர்வு இல்லை, தூங்கி எழுந்தாலும் போகாத சோர்வு. சிலருக்கு மனச்சோர்வு. காரணமில்லாமல் கண் கலங்கும், சின்ன விஷயத்துக்கு எரிந்துவிழுவார்கள். பெயர் மறந்துபோகிறது, பேச்சை ஆரம்பித்து நடுவில் விட்டுவிடுகிறேன் என்று சொல்கிறவர்கள் உண்டு. நினைவாற்றல் உண்மையிலேயே குறைகிறதா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. என்சாலுட்டமைடில் சோர்வும் கீழே விழுவதும் அதிகம். டாரோலுட்டமைடு மூளைக்குள் குறைவாகப் போவதால் அந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. எடையோடு செய்கிற உடற்பயிற்சி சோர்வைக் குறைக்கிறது என்பதில் மட்டும் கிட்டத்தட்ட எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். மருந்துக்குக் காப்பீடு இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் வருஷத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். பயிற்சி சொல்லித்தர ஆள்தான் கிடைப்பதில்லை.

பைடன் நோய் அறிவித்த இரண்டு வாரத்துக்குள், “ஒரு மாத்திரை ஆறு வாரத்துக்கு, பிறகு இன்னொன்று” என்கிற தோரணையில் நிருபர்களிடம் பேசினார். எந்த மாத்திரை என்று பெயர் சொல்லவில்லை. அக்டோபரில் கதிர்வீச்சும் ஹார்மோன் சிகிச்சையும் நடப்பதாக அவருடைய தரப்பு உறுதிப்படுத்தியது. அவர் இப்போது முன்னாள் அதிபர், அதனால் அதற்கு மேல் சொல்லவேண்டிய கடமை அவருக்கு இல்லை. இதே நோய், இதே மருந்து, ஆனால் ஆள் பதவியில் இருந்தால்? அப்போதுதான் மருந்தின் பக்கவிளைவு பொது விஷயமாகிறது.

அப்படி நிஜமாகவே நடந்தது பிரான்சில். 1974இல் ஜார்ஜ் பொம்பிடு அதிபராக இருக்கும்போதே, நோயை ஊருக்குச் சொல்லாமலேயே இறந்தார். அந்தக் கசப்பில், 1981இல் வென்ற பிரான்சுவா மித்தெரான் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவ அறிக்கை வெளியிடுவேன் என்று வாக்குக் கொடுத்தார். அந்த நவம்பரிலேயே அவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் தெரியவந்தது. எலும்புக்கும் போயிருந்தது. வாக்குத் தவறவில்லை, அறிக்கை ஆறு மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் வந்தது. ஒவ்வொன்றிலும் எல்லாம் நலம் என்று இருந்தது. அவருடைய மருத்துவர் க்ளோத் குப்ளே கையெழுத்துப் போட்டார். 1992இல் ஆபரேஷன் நடந்தபோதுதான் நாட்டுக்கே தெரிந்தது. இரண்டு முறை, மொத்தம் 14 வருஷம் ஆட்சி செய்துவிட்டு 1996 ஜனவரி 8இல் இறந்தார். சில நாளில் குப்ளே ஒரு புத்தகத்தில் உண்மையை எழுத, பிரெஞ்சு நீதிமன்றம் தடை போட்டது. அந்தத் தடையை நீடித்தது தவறு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2004இல் சொன்னது. எலும்புக்குப் பரவிய நோயோடு 14 வருஷம் ஒருவர் நாட்டையும் நடத்தினார் என்பது ஹார்மோன் சிகிச்சைக்கு நற்சான்று. அதே மித்தெரான் 1994 கடைசியில் வேலை செய்யும் நிலையிலேயே இல்லை என்று குப்ளே பிறகு சொன்னார். ஆக, நோயின் பெயர் 1982இல் தெரிந்திருந்தால் பயமுறுத்தியிருக்கும், 1994இல் தெரிந்திருந்தும் உதவவில்லை. அந்தந்த வருஷத்தில் அவரால் எவ்வளவு வேலை முடிகிறது என்பதுதான் சேதி. அதை ஒரு அறிக்கையும் சொல்லவில்லை.

அன்றைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் லாயிட் ஆஸ்டின் 2023 டிசம்பர் 22இல் இதே நோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டார். ஜனவரி 1 அன்று வலி தாங்காமல் ஆம்புலன்ஸ் கூப்பிட்டபோது, சைரனும் விளக்கும் போடாமல் வரச் சொன்னார் உதவியாளர். அக்கம்பக்கம் தெரியக் கூடாதாம். நம்ம வீட்டுப் பெரியவர்கள் செய்கிற வேலைதான். ஆனால் அவர் ஐ.சி.யூ.வில் கிடந்தது ஜனவரி 4 வரை வெள்ளை மாளிகைக்கே தெரியாது. துணை அமைச்சருக்கு அதிகாரம் மாற்றப்பட்டிருந்தது, ஆனால் ஏன் என்று சொல்லப்படவில்லை, அந்தத் துணை அமைச்சர் அப்போது விடுமுறையில் போர்ட்டோ ரிக்கோவில் இருந்தார். புற்றுநோய் என்ற விஷயம் அதிபருக்கே ஜனவரி 9இல்தான் தெரிந்தது. இதற்கு நேர் எதிர் சிங்கப்பூர். 2015 பிப்ரவரியில் பிரதமர் லீ சியன் லூங், ஆபரேஷனுக்கு முந்தின நாளே அறிவித்தார்: எம்.ஆர்.ஐ.யில் சந்தேகம், 38 மாதிரிகளில் ஒன்றில் புற்று, ரோபோ ஆபரேஷன், ஒரு வாரம் விடுப்பு, அதுவரை டியோ சீ ஹியன் பொறுப்புப் பிரதமர். ஒரு பக்கம்கூட வராத அறிக்கை. அதைப் படித்தவருக்கு வதந்தி தேவைப்படவில்லை.

நம்மிடம் இரண்டு மாதிரிக்கும் உதாரணம் இருக்கிறது. 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். சிறுநீரகம் செயலிழந்து, பக்கவாதமும் வந்து, அமெரிக்காவின் புரூக்ளினுக்குக் கொண்டுபோகப்பட்டார். டிசம்பர் தேர்தலுக்கு அவர் மருத்துவமனையில் இருக்கும் வீடியோவை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். நம்மவர்களுக்கு ஆதாரம் என்றால் கண்ணால் பார்ப்பதுதான் என்ற பழக்கம் அங்கேதான் ஊன்றியது என்று நினைக்கிறேன். 2016இல் “ஒரு போட்டோவாவது காட்டுங்கப்பா” என்று ஜனங்கள் கேட்டதும் அதனால்தான். அதே 2016 அக்டோபரில் கருணாநிதிக்கு உடம்பில் ஒவ்வாமை வந்தது. அவர் வழக்கமாகச் சாப்பிடும் மருந்தில் ஒன்று ஒத்துக்கொள்ளாததால் வந்தது, பார்க்க வர வேண்டாம் என்று கட்சித் தலைமை அறிக்கை விட்டது. மருந்தின் பக்கவிளைவு என்பதையே காரணமாகச் சொன்ன அறிக்கை தமிழக அரசியலில் அபூர்வம். 2025 ஜூலை 21இல் அன்று முதல்வராக இருந்த ஸ்டாலினுக்குத் தலைசுற்றல் வந்து அப்போலோவில் சேர்ந்தபோது, இதயத் துடிப்பில் வேறுபாடு, ஆஞ்சியோ நார்மல், 27ஆம் தேதி டிஸ்சார்ஜ், மூன்று நாள் ஓய்வு என்று தகவல் வரிசையாக வந்தது. படுக்கையில் இருந்தபடியே அலுவல் பார்க்கும் படங்களும் வந்தன. அன்று அவருடைய தொகுதியான கொளத்தூர்க்காரர்களுக்கு 2016 அளவுக்குத் தூக்கம் கெடவில்லை. அங்கேயும் என்ன மருந்து தருகிறார்கள், அது வேலையை எப்படிப் பாதிக்கும் என்ற பேச்சு இல்லை. ஆனால் குறைந்தபட்சம் தேதி இருந்தது.

இதையெல்லாம் பார்த்து, எல்லா வேட்பாளரும் மெடிக்கல் ஃபைலை மேசையில் வைக்கட்டும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஒருவருடைய பி.எஸ்.ஏ. எண், ஆண்மை போனதா இல்லையா, டயப்பர் கட்டுகிறாரா என்பது நம் சங்கதி இல்லை. மேடையில் அது எப்படிக் கேலியாகும் என்று நமக்குத் தெரியாதா? மனநல மருந்து சாப்பிடுகிறவரும் எச்.ஐ.வி. உள்ளவரும் தேர்தலில் நிற்கவே முடியாமல் போகும். 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று சொன்னதும் இவர்களுக்குச் சேர்த்துத்தான். நான் கேட்பது வேறு. பதவியில் இருப்பவருக்கு நீண்ட நாள் சிகிச்சை தொடங்கினால், அது எவ்வளவு காலம், எந்தெந்த நாளில் வேலைக்கு வரமாட்டார், தீர்மானம் எடுக்கும் திறனைப் பாதிக்கிற மருந்து அதில் உண்டா, அந்த நாட்களில் கையெழுத்துப் போடுவது யார் என்பது தெரிய வேண்டும். 2021 நவம்பரில் பைடனுக்குக் குடல் பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுத்தபோது, 85 நிமிஷம் கமலா ஹாரிஸ் அதிகாரத்தை வைத்திருந்தார். அவர்களுடைய 25ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தில் அதற்கு இடம் இருக்கிறது. நம் அரசியல் சட்டத்தில், முதல்வர் நினைவில்லாமல் படுத்திருந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி கிடையாது. 2016 அக்டோபரில் இலாகா மாற்ற ஆணைக்கு ‘முதல்வரின் ஆலோசனைப்படி’ என்று எழுதவேண்டி வந்தது அந்த வரி இல்லாததால்தான். ஜெயலலிதா மரணத்தை விசாரித்த ஆறுமுகசாமி ஆணையம் 2017இல் உட்கார்ந்து 2022இல் அறிக்கை கொடுத்தது. ஐந்து வருஷம் விசாரித்த அந்தச் சங்கதிகளில் பாதியை, பொறுப்பு முதல்வர் யார் என்பதற்கு ஒரு விதி இருந்திருந்தால் கேட்கவே தேவைப்பட்டிருக்காது.

இப்போதைய நிலவரம் என்னவென்றால், வேட்பாளர் தாக்கல் செய்கிற படிவம் 26இல் கையில் இருக்கிற ரொக்கம், நகை, வழக்கு, படிப்பு எல்லாம் உண்டு, உடல்நலம் கிடையாது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 8(1)(ஜே) பிரிவைக் காட்டி, தனிப்பட்ட தகவல் என்று மறுக்கலாம். முன்பு அந்தப் பிரிவுக்குள்ளேயே, பெரிய பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்று ஒரு வாசல் இருந்தது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுச் சட்டம் அதைத் திருத்தி, 2025 நவம்பரிலிருந்து அந்த வாசலை அடைத்துவிட்டது. மிச்சம் இருப்பது 8(2) பிரிவு. பாதுகாக்கப்படும் நலனைவிடப் பொதுநலன் பெரிது என்று அதிகாரி கருதினால் தகவலைத் தரலாம் என்கிறது அது. ஆர்.கே. நகரிலோ கொளத்தூரிலோ இருக்கிற ஒரு வாக்காளர், தன் எம்.எல்.ஏ. மூன்று மாதமாக ஏன் சட்டமன்றத்துக்குப் போகவில்லை என்று கேட்டு மனுப் போடுவதானால், நோயின் பெயரைக் கேட்காமல், அவர் இல்லாத நாட்களில் தொகுதி நிதிக்குக் கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்டுப் பார்க்கலாம். கோப்பில் இருக்கிற கையெழுத்தைத் தனிப்பட்ட தகவல் என்று சொல்லி மறைப்பது அவ்வளவு சுலபமில்லை.